பிளஸ் 2 மாணவர்களின் கேள்விகள்: கல்லூரிச் சேர்க்கையும் கொஞ்சம் இயற்பியலும்



பிளஸ் 2 தேர்வு முடிந்த நாளிலிருந்து நமது கல்விக் குழுவுக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் என்று கடலோரம் முழுவதும் இருந்து வருகின்றன. பாதிக் கேள்விகள் கல்லூரிச் சேர்க்கை பற்றியவை. மீதியில் பெரும்பாலானவை இயற்பியல் பாடத்தில் வரும் சந்தேகங்கள். இரண்டுக்கும் தனித்தனியே பதில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் கடிதங்களைப் படிக்கப் படிக்க இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதைப் பார்க்கிறோம். "எனக்கு பிசிக்ஸ் வராது, அதனால் இன்ஜினியரிங் வேண்டாம்" என்று ஒரு பிள்ளை முடிவு செய்கிறது. அந்த முடிவை எடுக்கும் முன் கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று அதற்குத் தெரியாது. இயற்பியலில் தனக்கு வராதது எது என்பதும் தெரியாது.

தகவல் தாமதமாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரே சாட்சி. இராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்து, இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு அங்கேயே பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்தார். தாம் விரும்பியது பொறியியல் என்பதும், இண்டர்மீடியட் முடித்த உடனேயே அதில் சேர்ந்திருக்கலாம் என்பதும் பிற்பாடுதான் தமக்குப் புரிந்தது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். பட்டம் முடித்த பிறகு சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்டணம் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அன்றைக்கு இராமேஸ்வரத்துப் படகோட்டி வீட்டில் இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. இன்று சொல்ல ஆள் இருந்தும் நம் பிள்ளைகள் வாய்ப்பைத் தவறவிடுவதுதான் நமக்கு வருத்தம்.

கட்-ஆஃப் கணக்கு

முதலில் பொறியியல். தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்தான் கணக்கு. கணிதம் 100-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50 ஆகும். மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 72, வேதியியலில் 80 வாங்கிய மாணவருக்கு 88 + 36 + 40 = 164.

"அப்படியானால் இயற்பியலில் ஒரு மதிப்பெண்ணுக்கு அரை மதிப்புத்தானே, அதைக் கொஞ்சம் விட்டுவிடலாமா?" என்று பெரியபட்டினம் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி கெட்டிக்காரத்தனமானது, முடிவுதான் தவறு. அரை மதிப்பெண் வித்தியாசத்தில் பலர் வரிசையில் நிற்கும் பட்டியல் அது. இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் முன்னே யார் என்று தீர்மானிப்பார்கள். மருத்துவம் என்றால் இன்னும் கண்டிப்பு. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் இயற்பியலுக்கு 180. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். உயிரியலை மனப்பாடம் செய்துவிட்டு இயற்பியலைக் கைவிட்டவர்கள் நீட் தேர்வில் எங்கே நிற்கிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

"நம்ம கோட்டா 3.5 சதவீதம்தானே?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் 2007 முதல் உள்ளது. ஆயிரம் இடங்கள் என்று வைத்துக்கொண்டால் அதில் 35. இதைக் கேட்டதும் பல வீடுகளில் "முப்பத்தஞ்சு இடத்துக்கு எத்தனை பேர் மோதுவாங்க" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. மீதிக் கணக்கையும் போடுங்கள். 69 போக 31 சதவீதம் பொதுப்போட்டி. அந்த 310 இடங்களும் எல்லாச் சமுதாயத்தாருக்கும் திறந்தவை, நமக்கும்தான். பி.சி.எம். என்று விண்ணப்பித்ததால் பொதுப்போட்டி இடத்தை நீங்கள் இழப்பதில்லை. மதிப்பெண் இருந்தால் முதலில் பொதுப்போட்டியில் இடம் கிடைக்கும். அதில் கிடைக்காதபோதுதான் உங்கள் ஒதுக்கீடு பார்க்கப்படும்.

ஆனால் இந்த உரிமை எதுவும் காகிதம் இல்லாமல் நடக்காது. "டி.சி.யில் இஸ்லாம் என்று போட்டிருக்கிறது, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. வருவாய்த் துறை தரும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகள்தான் பி.சி.எம். பட்டியலில் உள்ளன. நீங்கள் இதில் எது என்பதை அந்தச் சான்றிதழ்தான் சொல்ல வேண்டும். வாப்பாவின் சான்றிதழில் ஒரு பிரிவும் பிள்ளையுடையதில் வேறொரு பிரிவும் இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சரி செய்யுங்கள். கலந்தாய்வு தொடங்கிய பிறகு தாலுகா அலுவலகத்தில் நிற்பதில் பயனில்லை. ஆங்கிலத்தில் பெயர் எழுதும் முறையும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கட்டும். நம் பெயர்களில் முகமது ஒருவருக்கே நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம்.

வளைகுடாவில் வளர்ந்து, படிப்புக்காக ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறு. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படாது. அந்த ஆண்டுகளில் துபாயிலோ ஜித்தாவிலோ படித்திருந்தால் அது தேவை.

சலுகைகளைப் பற்றிய குழப்பம்

"எங்க காக்கா பி.காம். முடிச்சிருக்காங்க. நான் முதல் பட்டதாரி சலுகை கேட்கலாமா?" என்று கீழக்கரை மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க முடியாது, மகளே. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்றால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். உடன்பிறந்தவர் பட்டம் பெற்றிருந்தால் கிடைக்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் பகுதியில் பலர் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். "அரசு சம்பளம் கொடுக்கிற பள்ளிதானே" என்று விண்ணப்பத்தில் 'ஆம்' என்று குறித்துவிடுகிறார்கள். உதவி பெறும் பள்ளி இந்த 7.5 சதவீதத்தில் வராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. ஒரே பள்ளி ஒரு திட்டத்துக்கு வெளியே நிற்கிறது, இன்னொன்றுக்கு உள்ளே வருகிறது. சலுகை ஒவ்வொன்றுக்கும் அதன் அரசாணையைத்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுச் சொல்லை அல்ல.

இன்னொரு கேள்வியை ஒரு தந்தையே கேட்டார். "நம்ம சமுதாயக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கு. நேரே போய்ச் சேர்த்துவிடலாமே, கவுன்சலிங் எதற்கு?" சிறுபான்மையினர் நடத்தும் சுயநிதிப் பொறியியல் கல்லூரியும் தன் இடங்களில் 50 சதவீதத்தை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குத் தருகிறது. அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பட்டம். கலந்தாய்வு வழியாக வந்தால் கட்டணம் குறைவு, முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு. நிர்வாக இடத்தில் சேர்ந்தால் இரண்டும் இல்லை. கலந்தாய்வில் கிடைத்திருக்கக்கூடிய இடத்துக்கு நகையை விற்றுப் பணம் கட்டிய குடும்பங்களை நாங்கள் அறிவோம். அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.

கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்பும்போது எது கிடைக்கும் என்று நினைத்து எழுதாதீர்கள். எது வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் கீழே உள்ளதைக் கணினி பார்க்கும். ஆசைப்பட்ட கல்லூரியை முதலில் போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை. இதை நிரப்பும் வேலையைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட்டு, பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அவரிடமே கொடுத்துவிட்டு வருவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. வேண்டவே வேண்டாம். அரசின் உதவி மையங்களில் இலவசமாக வழிகாட்டுகிறார்கள். பிள்ளை தானே உட்கார்ந்து நிரப்பட்டும்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு: கலாம் போன வழி இன்றும் மூடப்படவில்லை. பிளஸ் 2-வில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர விண்ணப்பிக்கலாம். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற தேர்வு இருக்கிறது. மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர், உள்ளூரில் கிடைக்கும் அறிவியல் பட்டப்படிப்பைக் குறைவாக எண்ண வேண்டாம். அதை முடித்த பின்னும் கதவுகள் உண்டு.

இனி இயற்பியல்

"ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாதா? பிறகு எப்படி ஒரு பொருள் நகரும்?" பாம்பன் மாணவர் கேட்ட கேள்வி இது. இதைக் கேட்டவருக்கு இயற்பியல் வராது என்று யாரும் சொல்லக் கூடாது. நியூட்டனின் மூன்றாம் விதியில் எல்லாரும் தடுக்கி விழும் இடத்தை அவர் சரியாகத் தொட்டிருக்கிறார்.

ஆழமில்லாத தண்ணீரில் வள்ளத்தை எப்படி நகர்த்துகிறார்கள்? நீண்ட கம்பைத் தரையில் ஊன்றிப் பின்னால் தள்ளுகிறார்கள். கம்பு கடல்தரையைப் பின்னே தள்ளுகிறது. கடல்தரை அதே அளவு விசையோடு கம்பையும், கம்பைப் பிடித்தவரையும், அவர் நிற்கும் வள்ளத்தையும் முன்னே தள்ளுகிறது. விசைகள் இரண்டும் சமம். ஆனால் ஒன்று செயல்படுவது தரையின் மீது, மற்றது வள்ளத்தின் மீது. உங்கள் கணக்கில் வரவான நூறு ரூபாயையும் பக்கத்துக் கடைக்காரர் கணக்கில் பற்றான நூறு ரூபாயையும் ஒன்றாகக் கூட்டி 'சைபர்' என்று எழுதுவீர்களா? அதுபோலத்தான். ஒரு பொருள் நகருமா என்று பார்க்க, அந்தப் பொருளின் மீது செயல்படும் விசைகளை மட்டுமே கூட்ட வேண்டும்.

அப்படியானால் தரை ஏன் பின்னால் போகவில்லை? தரை பூமியோடு சேர்ந்தது. பூமியின் நிறை கிலோகிராமில் 6-க்குப் பின் 24 சைபர். அதே விசையை அவ்வளவு நிறையால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம் எந்தக் கருவிக்கும் தெரியாது. இன்னொன்றையும் செய்து பாருங்கள். வள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் முன்பலகையை எவ்வளவு தள்ளினாலும் வள்ளம் பயணப்படாது. தள்ளுபவரும் தள்ளப்படுவதும் ஒரே கூட்டத்தில் இருப்பதால் வெளியே இருந்து விசை எதுவும் இல்லை.

ராக்கெட்டும் இதே கதைதான். காற்றைத் தள்ளித்தான் ராக்கெட் மேலே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காற்றே இல்லாத வெளியில் அது எப்படிப் போகும்? அது தள்ளுவது தன் வயிற்றிலிருந்து வெளியேறும் வாயுவை. வாயு கீழே, ராக்கெட் மேலே. கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து போனதும் இந்த விதியால்தான்.

நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: உங்களிடம் இருக்கும் பொருளின் அளவு நிறை, அது கிலோகிராமில். பூமி அதை இழுக்கும் விசை எடை, அது நியூட்டனில். 50 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை 50 × 9.8 = 490 நியூட்டன். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது. கடைத் தராசு இரண்டையும் குழப்பிவிட்டது, நாம் என்ன செய்வது!

அடுத்தது ஆழத்தைப் பற்றிய கேள்வி. "கடல் பெரியது, கிணறு சிறியது. ஆகவே கடலுக்கடியில்தான் அழுத்தம் அதிகமா?" கேட்ட மாணவரின் வாப்பா சங்கு குளிப்பவர். திரவத்தின் அழுத்தம் அதன் பரப்பைப் பார்ப்பதில்லை. ஆழம், அடர்த்தி, புவிஈர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் அழுத்தம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,025 கிலோகிராம். பத்து மீட்டர் ஆழத்தில் 10 × 1,025 × 9.8 = 1,00,450 பாஸ்கல். அதே ஆழமுள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் 98,000 பாஸ்கல். உப்பினால் வந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த எண்ணை இன்னொரு எண்ணோடு வைத்துப் பாருங்கள். நம் தலைக்கு மேலுள்ள காற்று முழுவதும் தரும் அழுத்தம் சுமார் 1,01,300 பாஸ்கல். வானம் வரை உள்ள காற்று செய்வதைப் பத்து மீட்டர் கடல்நீர் செய்துவிடுகிறது. எனவே பத்து மீட்டரில் சங்கு எடுப்பவரின் உடல் மேல் மொத்தம் இரண்டு மடங்கு அழுத்தம். பாயில் விதிப்படி அழுத்தம் இரு மடங்கானால் வாயுவின் கன அளவு பாதியாகும். மேலே 6 லிட்டர் மூச்சை அடக்கி முங்கியவரின் நுரையீரலில் கீழே அது 3 லிட்டராகச் சுருங்கும். காது வலிப்பதும் இதனால்தான். செவிப்பறைக்கு வெளியே அழுத்தம் ஏறுகிறது, உள்ளே ஏறவில்லை.

இதையே திருப்பிப் பாருங்கள். கம்ப்ரஸர் குழாய் வழியாகக் கடலுக்கடியில் காற்றைச் சுவாசிப்பவர், அந்த ஆழத்தின் அழுத்தத்தில் 6 லிட்டர் காற்றை இழுத்துவிட்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது, உயிருக்கே ஆபத்து. மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே, மெதுவாக வர வேண்டும். வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கடைசியாகப் பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கைகளாலேயே இயக்கித் திறந்தார்கள். "அவ்வளவு இரும்பை மனிதர் எப்படித் தூக்க முடியும்?" என்று இராமேஸ்வரம் மாணவி கேட்கிறார். அவர்கள் முழு எடையையும் தூக்கவில்லை. பாலத்தின் மறுமுனையில் எதிர்எடை இருந்தது. கிணற்றுத் துலாவில் கல்லைக் கட்டுவார்களே, அதே வேலைதான். ஒரு பக்கத்தின் திருப்புத்திறனை மறுபக்கத்தின் திருப்புத்திறன் சமன் செய்துவிட்டால், ஆட்கள் வெல்ல வேண்டியது உராய்வையும் சிறு வித்தியாசத்தையும் மட்டும். அதற்குப் பற்சக்கரங்களும் துணை.

2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. அங்கும் இரு கோபுரங்களில் எதிர்எடைகள் இறங்க, பாலம் ஏறுகிறது. எதிர்எடை இழக்கும் நிலையாற்றல் பாலத்துக்குப் போய்ச் சேர்கிறது. எதிர்எடை இல்லையென்றால் ஒவ்வொரு கிலோகிராமையும் 17 மீட்டர் உயர்த்த மோட்டார் 1 × 9.8 × 17 = 166.6 ஜூல் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அதே 72.5 மீட்டரை வைத்து வெப்ப விரிவையும் பார்த்துவிடலாம். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது, ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் எஃகின் வெப்பநிலை 20 டிகிரி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 72.5 × 20 × 12 = 17,400. பத்து லட்சத்தால் வகுத்தால் 0.0174 மீட்டர், அதாவது 17.4 மில்லிமீட்டர். ஒரு விரலின் அகலம். பாலத்தில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு விரல்தான் பதில்.